சேனாபதியின் காதுகள்

வேலியை ஒட்டி நிற்க வேண்டாம். கடிக்கும் என்று சொல்ல வரவில்லை. இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனால் கடிக்காது என்று எழுதிக் கொடுக்கவும் என்னால் முடியாது. இந்த நாற்காலியில் உட்காருங்கள். இங்கிருந்தே குட்டி நன்றாகத் தெரியும். குட்டி என்பது பழக்கத்தில் வருகிற சொல். இரண்டு வயதைத் தாண்டிவிட்டது. அந்த வெள்வேல மரத்தடியில் தாயோடு நிற்கிறதே, அதுதான்.

இந்த ஒப்புட்டை உள்ளே வைத்துவிட்டு வருகிறேன். நீங்கள் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. எங்கே வாங்கினீர்கள்? போளிக் கடையிலா? சரி.

என் எண்ணை உங்களுக்குக் கால்நடை மருத்துவர் கொடுத்ததாகச் சொன்னீர்கள். எந்த மருத்துவர் என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம், கேட்கவில்லை. உங்கள் கார் வெள்ளகோவில் பக்கமிருந்து வந்து திரும்பியதை மட்டும் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் வருகிறவர்கள் அந்தப் பக்கமாக வருவதில்லை. கைப்பேசி வழி மாற்றிவிட்டதா? இருக்கலாம். தவறாக நினைக்காதீர்கள். சந்தேகம் வேறு, சரிபார்த்தல் வேறு. நான் சரிபார்க்கிறவள்.

நீங்கள் குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறீர்கள். இந்தக் குட்டியைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். கொடுக்கக் கூடாது என்பதல்ல. ஆனால் கொடுப்பதற்கு முன் இதன் தாய் யார், தகப்பன் யார் என்று சொல்வது என் கடமை. தாயைச் சொல்லிவிடுவேன். தகப்பனிடம் வரும்போதுதான் எனக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

தாயின் பெயர் மேகலை. தரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற இனம். ஊட்டியில் ஓடி ஓய்ந்த குதிரையை நான் வாங்கி வந்தேன். உயரம், வேகம், நெஞ்சகலம் எல்லாம் உண்டு. ஆனால் தோல் மெல்லியது. குளம்பு எளிதில் உடையும். பங்குனி வெயிலில் நம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கல்லில் நடக்கவிட்டால் அன்று மாலையே நொண்டும். மார்வாரி இனம் இதற்கு நேர்மாறு. வேகம் குறைவு, உயரம் குறைவு. ஆனால் குளம்பு இரும்பு, வெயிலைப் பொருட்படுத்தாது, நாள் முழுக்கச் சலிக்காமல் நடக்கும். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் நெடுந்தூரம் போகத்தக்க ஒரு குதிரை நம் ஊர் வெயிலிலேயே பிறக்கும் என்பது என் எண்ணம்.

எண்ணம் வந்தவுடன் செய்துவிடவில்லை. நான் மகளிர் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். மேகலைக்கு இரத்தப் பரிசோதனை செய்தேன். அதன் இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்தேன். பிறக்கும் குட்டியை யாரும் கேட்டு வராவிட்டால் அதன் ஆயுள் முழுக்க நானே வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று யோசித்தேன். முடியும் என்ற பிறகுதான் ஆண்குதிரை தேடினேன்.

பல இடம் பார்த்தேன். ஒன்று அழகு, ஆனால் மனிதர்களை உதைத்தது. குணம் இரத்தத்தில் வருவது, வேண்டாம் என்றேன். ஒன்றின் சொந்தக்காரர் அதன் வயதை இரண்டு விதமாகச் சொன்னார். திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் வெள்ளகோவில் பக்கம் குழந்தைவேலு என்பவரிடம் சேனாபதியைப் பார்த்தேன்.

சேனாபதியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கரும்பழுப்பு நிறம். யார் வந்து நின்றாலும் கழுத்தை நீட்டி முகர்ந்து பார்க்கும். அதன் காதுகளை மட்டும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மார்வாரிக்குக் காதுதான் முத்திரை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு காதும் உள்பக்கம் வளைந்து, நிமிர்த்தி நிற்கும்போது நுனியும் நுனியும் தொட்டுக்கொள்ளும். இரண்டு கையைக் குவித்துக் கும்பிடுவதைப் போல. நம் ஊர்ப் பக்கம் வேறெந்தக் குதிரைக்கும் அப்படி அமையாது. நான் போய் நின்றவுடன் சேனாபதி காதைக் குவித்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

ஆனால் அதே லாயத்தில் இன்னொரு குதிரையும் நின்றது. செவலை. வண்டிப் பந்தயத்தில் ஓடுகிற குதிரை. இனமும் கிடையாது, எதுவும் கிடையாது. நேரான காது. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. அப்போது.

மேகலைக்குப் பருவம் வந்தது. வண்டியில் ஏற்றி, நானும் என் கணவரும் கூடவே போனோம். லாயத்துக்குப் பின்னால் மண் பரப்பிய இடத்தில் மேகலையைக் கட்டினார்கள். வாலில் துணி சுற்றினார்கள். எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். அந்த நேரத்தில்தான் குழந்தைவேலுவின் மனைவி சௌந்தரம் வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நாம உள்ள போயரலாமுங். இங்க ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பசுவைக் காளைக்குச் சேர்க்கும்போது வீட்டுப் பெண்கள் அங்கே நிற்க மாட்டார்கள். சொல்லிக்கொடுத்து வருவதில்லை, அவரவரே விலகிப் போய்விடுவார்கள். குதிரைக்கும் அதே வழக்கந்தான். எனக்கு அதில் கூச்சம் ஒன்றும் கிடையாது. இனப்பெருக்கப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியவள் நான். கரும்பலகையில் படம் வரைந்து, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு, பாடம் முடிந்து மணி அடிக்கும்வரை ஒரு சொல் தடுமாறாமல் நடத்துவேன். ஆகவே நின்றிருப்பேன். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாளே. உதறிவிட்டு நின்றால் மரியாதையாக இருக்குமா?

உள்ளே போனேன். ஒப்புட்டு கொடுத்தாள். ஏலக்காய் தாராளமாகப் போட்டு, நெய் மிதக்க. காப்பி கொடுத்தாள். சேனாபதி சிறு குட்டியாக வந்தபோது எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இதுங்க என்ற கை வளையலக் கடிச்சுட்டு உடவே இல்லீங்க்கா" என்று ஒரு படத்துக்கு ஒரு கதை. அன்றைக்கு அதை உபசரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இன்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவர் வெளியே போய்விடாமல் உட்கார வைக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல வழி உண்டா?

வெளியில் கனைப்பொலி கேட்டது. ஒன்றல்ல, இரண்டு குரல். நான் தெளிவாகக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் பெயர் சிவசாமி. பேருந்துப் பணிமனையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரண்டு குரல்ல ஒன்னு நம்ம மேகலையோடதா இருக்கும்" என்றார். மேகலை அமைதியான குதிரை, அது கத்தாது. நான் அதைப் பலமுறை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். "அன்னைக்கு அதுக்குக் கத்தற வேலை இருந்துச்சு" என்றார். எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்வது அவர் சுபாவம்.

குட்டி பிறந்தது. செவலை.

இதில் நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். மேகலையும் செவலைதானே, தாயின் நிறம் குட்டிக்கு வரக் கூடாதா? வரலாம். கரும்பழுப்புத் தகப்பனுக்குச் செவலைக் குட்டி பிறக்கலாமா? பிறக்கலாம். ஆகவே நிறத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த லாயத்தில் நின்ற இன்னொரு குதிரையும் செவலை என்பதை நினைவில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

காது வளர வேண்டும் என்று காத்திருந்தேன். பிறந்த குட்டியின் காது துணி போலத் துவண்டு கிடக்கும். அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. சில மாதம் கழிந்து அளக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் அளவுகோலும் பாகைமானியும் எடுத்துக்கொண்டு போவேன். ஜமால் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். ஜமால் எங்களிடம் குதிரை பார்க்கிறவன். நான் காதின் அடியில் ஒரு விரலும் நுனியில் ஒரு விரலும் வைத்து வளைவை அளப்பேன். கலப்பு என்பதால் முழு வளைவை நான் எதிர்பார்க்கவில்லை. பாதியாவது இருக்க வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிறுகூட இருந்ததில்லை. இரண்டு காதும் பின்னால் சாய்ந்து, பிடரியோடு ஒட்டிக் கிடக்கும். நுனிகள் ஒன்றுக்கொன்று முகம் காட்டுவதே இல்லை.

குணமும் அப்படித்தான் போயிற்று. தொடக்கத்தில் அளக்கும்போது மட்டும் தலையை உதறியது. பிறகு அளவுகோலைக் கண்டால் உதறியது. இப்போதெல்லாம் நான் படல் திறக்கும் சத்தம் கேட்டாலே காது பின்னால் போய்விடுகிறது. சேனாபதியின் சாந்தம் இதில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். இனமில்லாத இரத்தத்தின் முரட்டுத்தனம் என்று வேறு எதைச் சொல்வது?

என் கணவரிடம் நேராகவே கேட்டேன். அவர்தான் அங்கே நின்றவர். "அன்றைக்குக் கொண்டுவந்தது கரும்பழுப்புதானா? காது வளைந்திருந்ததா?"

"ஏம்மா, அந்த நேரத்துல எவன் காதப் பாத்துட்டு நிப்பான்?"

"நிறம்?"

"குதிரை நெறத்துல இருந்துச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேனாபதிதான். சத்தியமா சேனாபதிதான். போதுமா?" என்றார்.

பணிமனையில் பேருந்துகளை எண்ணை வைத்து அடையாளம் கண்டவர். எண் எழுதாத ஒரு விலங்கைப் பற்றி அவர் செய்யும் சத்தியத்தை நான் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

படம் எடுத்துக்கொண்டு குழந்தைவேலுவிடம் போனேன். சண்டைக்குப் போகவில்லை. படங்களை மேசையில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் காது பின்னால் சாய்ந்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அம்மணி, இது எல்லாப் படத்துலயும் குதிரை கோவமா நிக்குதுங். காது நிமுந்தாத்தானுங்களே வளைவு தெரியும். நீங்க இல்லாதப்ப ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்."

நான் இல்லாமல் எடுத்த படத்தை நான் எப்படி நம்புவது? கேட்டேன். அவர் படங்களை அடுக்கி என்னிடமே நீட்டினார். பதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார் அல்லவா?

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கும் காப்பி கொடுத்தாள். நான் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் குழந்தைவேலு தன் வண்டியிலேயே இங்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் சேனாபதியின் பிடரிமயிர் கொஞ்சம், வேரோடு பிடுங்கி, நூல் கட்டி. இப்போது ஆய்வகங்கள் இருக்கின்றன. தகப்பன் மயிரும் குட்டி மயிரும் அனுப்பினால் உறவைச் சொல்லிவிடுவார்கள். "அனுப்பிப் பாத்துருங் அம்மணி. எனக்கு உங்ககூட மனஸ்தாபம் வேண்டாமுங்" என்றார். எவ்வளவு வசதியான ஏற்பாடு. அது சேனாபதியின் மயிர் என்பதற்கு யார் சாட்சி? மெல்லக் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நீங்களே வந்து புடுங்கிக்கங்" என்றார். இவ்வளவு தாராளமாக ஒருவர் அழைத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றியது. போகவில்லை. உறை குளிர்பெட்டியில் இருக்கிறது. என் கணவர் ஒருமுறை கறிவேப்பிலை தேடி அதைப் பிரித்துவிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் ஒன்றும் விளையாட்டாகப் பேசவில்லை. "அனுப்பீருக்கலாம் நீ" என்றார். அவ்வளவுதான்.

குட்டிக்கு நான் பெயர் வைக்கவில்லை. தகப்பன் உறுதியாகாத குட்டிக்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயரே ஒரு பொய்யாகிவிடும். ஜமால் மட்டும் நான் இல்லாதபோது சேனாம்மா என்று கூப்பிடுகிறான். கண்டித்தேன். "பழக்கத்துல வந்துருதும்மா, அதுவும் திரும்பிப் பாக்குது" என்கிறான். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். நான் கூப்பிட்டால் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். இந்த ஆடியில் சேனாபதி இறந்துவிட்டது. வயிற்றுவலி. குதிரைக்கு வயிற்றுவலி எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். செய்தி வந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல குதிரை. அதோடு ஒன்றும் தோன்றியது: இனி யாரும் போய் எதையும் சரிபார்க்க முடியாது. அவர்களுக்கு அது வசதிதான். அவர்களே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வசதி என்று மட்டும் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்த சில நாளில் சௌந்தரம் தனியாக வந்தாள். பேருந்தில் வந்து, சாலையிலிருந்து நடந்து, படலுக்கு வெளியே நின்றாள். நான் இதோ இந்த இடத்தில்தான் நின்றிருந்தேன்.

"அக்கா, உள்ள வரல. ஒரே ஒருதடவ பாத்துட்டுப் போயரனுங். அதுக்குனு இருக்கறது இது ஒன்னுதானுங்."

சேனாபதி வேறெந்தக் குதிரைக்கும் சேர்க்கப்படவில்லையாம். மேகலைதான் முதலும் கடைசியுமாம். அவள் சொன்னது.

குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தது. நேராகப் படலுக்கு நடந்து போயிற்று. எனக்கு அதன் முதுகும் வாலும்தான் தெரிந்தன. சௌந்தரம் கம்பிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினாள். குட்டி அவள் மணிக்கட்டை முகர்ந்தது. அவள் அழத் தொடங்கிவிட்டாள். "அப்பனாட்டமே வளையலத் தேடுது. அந்தக் காதப் பாருங்க்கா, அப்பனாட்டமே" என்றாள். நானும் பார்ப்பதற்காகப் பக்கத்தில் போனேன். குட்டி திரும்பி என்னைப் பார்த்தது. காது எப்போதும் போலப் பின்னால் கிடந்தது. என்ன அப்பனாட்டம்?

அழுகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அழுகிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் தன் லாயத்துக்கு நல்ல பெயர் வர வேண்டும் என்று நினைக்கிற வீட்டுக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது. "நீங்க யாருக்காச்சும் குடுக்கறதா இருந்தா எங்களுக்குக் குடுங்க்கா" என்றும் கேட்டாள். அதுதான் வந்த காரியம். மாட்டேன் என்றேன். அவள் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள். குட்டி வேலியோரமாகவே கூட நடந்து போய், மூலையில் வழி முடிந்த இடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. அந்த மூலையில் கொழுக்கட்டைப் புல் செழிப்பு.

ஆகவே என் நிபந்தனை இதுதான். குட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளியை நான் வந்து பார்ப்பேன், சொல்லாமல் வருவேன். தகப்பன் யார் என்று யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் நீங்கள் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் மார்வாரிக் கலப்பு என்று சொல்லி இதை வைத்து இன்னொரு குட்டி எடுக்கக் கூடாது. பொறுப்பாக வளர்ப்பது என்றால் இதுதான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? வேலிக்கு வேண்டாம் என்றேனே.

நில்லுங்கள். உங்கள் கையில் போட்டிருப்பது கண்ணாடி வளையலா? இந்தக் காலத்தில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற பெண் யாராவது கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வருவார்களா? அந்த ஒப்புட்டு கடையில் வாங்கியதல்ல. எந்தக் கடைக்காரரும் அவ்வளவு ஏலக்காய் போட மாட்டார். வெள்ளகோவில் பக்கமிருந்து வந்த கார். நீங்கள் சௌந்தரத்துக்கு என்ன வேண்டும்?

தங்கை மகளா.

பள்ளி நடத்துவதாவது உண்மைதானா? உண்மையா. சரி. அதை வந்து பார்த்துக்கொள்கிறேன். உங்கள் சித்தி அனுப்பினாளா? சித்தி இல்லை, பெரியம்மாவா? அதைத் திருத்துவதற்கு மட்டும் வாய் வருகிறது. நீங்கள் வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது சரியாகப் போயிற்று. என் கணவர் இப்போது வீட்டில் இருந்திருந்தால் கேட்டிருக்க வேண்டும். ஒன்றில் சரி என்றால் மற்றதிலும் சரியாக இருக்காதா?

மேகலையை விட்டுவிட்டு அது உங்களிடம் வருகிறதா? வரட்டும். வளையல் சத்தத்துக்கு வருகிறது.

எதற்குக் கைப்பேசியை உயர்த்துகிறீர்கள்? படமா? பெரியம்மாவுக்கா?

என்ன சொன்னீர்கள்?

தொடுகிறதா? நுனியும் நுனியுமா?

இங்கிருந்து எனக்கு வால்தான் தெரிகிறது. அசையாமல் நில்லுங்கள். அளவுகோல் இதோ நாற்காலிக்குக் கீழேயே இருக்கிறது. இந்தப் படல் எப்போதும் இப்படித்தான் கிறீச்சிடும். வருகிறேன், வந்துவிட்டேன்.

எங்கே தொடுகிறது? இதோ, இரண்டு காதும் பிடரியில் படிந்து கிடக்கின்றன. நீங்களே பாருங்கள்.

கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். அனுப்பிவிட்டீர்களா? அனுப்புங்கள். அவள் பார்த்து அழுதுகொள்ளட்டும். அது நான் எடுத்த படம் இல்லை. தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு என்னென்னவோ தெரியும். பக்கத்தில் வந்து பார்த்தால்தானே உண்மை தெரிகிறது.